சத்தமா வச்சாத்தான் அழகு

உட்காரும்மா. வீட்டில் கிட்டார் ரெக்கார்ட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று யார் கேட்டாலும், வீட்டில் குழந்தை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். உன் புருஷனிடமும் அதைத்தான் கேட்டேன்.

"பாப்பா தூங்குற நேரந்தாண்ணா எனக்குக் கிடைக்குது. ஆம்ப் போட்டா முழிச்சுக்கும்" என்றான்.

அப்படியானால் ஆம்ப் பெட்டியே வேண்டாம், அதன் சத்தத்தைக் கம்ப்யூட்டரே உண்டாக்கித் தரும், ஹெட்போனில் கேட்டால் போதும் என்றேன். ஸ்டூடியோவில் இருபது வருடமாகச் சத்தத்தை அளந்து பிழைப்பவன் வேறென்ன சொல்வேன்?

அப்படி மூன்று சாஃப்ட்வேரை இறக்கி வாசித்துப் பார்த்தோம். முதலாவது, மெதுவாக வைத்தாலே இனித்தது. அவனுக்கு அதுதான் பிடித்தது. இரண்டாவது வெறும் தகர டப்பா. மூன்றாவதுக்கு, காதை அடைக்கிற அளவு வைத்தால்தான் உயிர் வரும். அதை வாங்கச் சொன்னேன். "சத்தமா வச்சாத்தாண்டா இதோட அழகு தெரியும்." தொழில் தெரிந்த அண்ணன் சொன்னால் தம்பி தட்டுவானா?

சத்தம் எல்லை மீறாமல் தடுக்க அதில் ஒரு பூட்டு உண்டு. அது அணைந்து கிடந்ததை நேற்று நீ பார்த்துவிட்டாய். அணைத்தது நான்தான். ஞாயிறுதோறும் டோன் சரிபார்க்கிறேன் என்று வந்து உட்காருவேன். நீ டீ கொண்டுவந்து வைப்பாய். அது ஆறுவதற்குள் சத்தத்தை ஒரு மயிரிழை ஏற்றிவிடுவேன். ஒரு வாரத்தில் காது பழகிவிடும். எட்டு மாதம் இப்படிப் போனது.

"காதுக்குள்ள விசில் அடிச்சுக்கிட்டே இருக்குண்ணா" என்றான் ஒருநாள்.

"ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான். போகப் போகச் சரியாயிடும்."

டாக்டரிடம் காட்டலாமா என்று நீ கேட்டாய். அழுக்கு சேர்ந்திருக்கும் என்று சொன்னவனும் நான்தான்.

ஏன் என்கிறாய். பதினெட்டு வருடம் ஒரு மெட்டை நெஞ்சில் சுமந்தேன். முடிவு மட்டும் பிடிபடவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு மறுநாள், கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது, உன் புருஷன் அதை வாசித்தான், முடிவோடு. "அண்ணன் டியூன்தான். கொஞ்சம் சரி பண்ணிட்டேன்" என்று சிரித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த முடிவு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது.

இப்போதெல்லாம் பாப்பா பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. நான்தான் போய்த் தூக்கிக்கொள்கிறேன். யாராவது தூக்கத்தானே வேண்டும்.

ஆமாம், உன் புருஷனைச் செவிடாக்கியது நான். தெரிந்தே செய்தேன். இதை நீயே அவனுக்கு எழுதிக் காட்டு. ஒன்றை மட்டும் விட்டுவிடாதே: சின்ன வயதிலிருந்து இன்றுவரை, அண்ணன் அவன்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை.