முதுகைப் பார்த்து ஓட்டியவன்

உங்கள் அறையில் காற்று நன்றாக வருகிறது. எங்கள் வீட்டில் இப்போது ஜன்னல்களைத் திறப்பதில்லை. மச்சானுக்குச் சளி கட்டிவிட்டால் அவனால் இருமித் துப்ப முடியாது என்று என் மனைவிக்குப் பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நானும் மூடிய அறைக்குப் பழகிக்கொண்டேன். நான் பேசி முடிக்கும்வரை இந்த ஜன்னலை மட்டும் சாத்தாமல் இருந்தால் போதும்.

நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். தெருவில் அல்ல, டிராக்கில். விடுமுறை நாட்களில் சொந்த வண்டியோடு ஆட்கள் வருவார்கள். பல் டாக்டர் வருவார், வங்கி மேனேஜர் வருவார், கல்யாணத்துக்குப் பெண் தேடும் பையன்கள் வருவார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு நாளாவது தப்பித்து வந்தவர்களும் வருவார்கள். சாலையில் போனால் நீங்கள் பிடித்து உள்ளே போடும் வேகத்தை அங்கே நாங்கள் பாடமாகச் சொல்லிக்கொடுப்போம். எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே சாய்ப்பது, எங்கே மறுபடி முறுக்குவது, அவ்வளவுதான் பாடம். எல்லோரும் என்னை வாத்தியார் என்பார்கள்.

டிராக்கில் இறங்குவதற்கு முன் காலையில் ஒரு வேலை உண்டு. வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிடுவோம். முன்விளக்கின் மேலும் பின்னால் எரியும் பிரேக் விளக்கின் மேலும் டேப் ஒட்டிவிடுவோம். விழுந்தால் கண்ணாடி சிதறக்கூடாது என்பது ஒரு காரணம். முன்னால் போகிறவனுடைய சிவப்பு விளக்கைப் பார்த்துப் பின்னால் வருகிறவன் பதறிப் பிரேக் பிடிக்கக்கூடாது என்பது இன்னொன்று. பின்னால் யார் வருகிறார்கள் என்று முன்னால் போகிறவன் கவலைப்பட வேண்டியதில்லை. டிராக்கில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அதுதான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் போய்விட, அக்காதான் வளர்த்தாள். நான் பெண் கேட்டுப் போனபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "தம்பி என்கூடத்தான் இருப்பான். உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி." சிநேகிதர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமாடா?" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் கெட்டவன் இல்லை. அதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டு வெளியே அனுப்பியிருப்பேன், கதை முடிந்திருக்கும். இவன் எள் என்றால் எண்ணெயாக நிற்பான். நான் வாங்கிய ஹெல்மெட்டையே அவனும் வாங்கினான். நான் காபியில் சர்க்கரையை விட்டால் அவனும் விட்டான். எங்கள் படுக்கையறைக்கும் அவன் அறைக்கும் நடுவில் இருந்தது மெல்லிய பலகைத் தடுப்பு, நான் இருமினால் அங்கிருந்து, "மாமா, வெந்நீர் வேணுமா?" என்று குரல் வரும். அப்படிப்பட்டவனை என்னவென்று திட்டுவது? என் டிராக்கிலேயே டயர் மாற்றும் வேலையில் சேர்ந்தான். அங்கே அவனுக்கு வைத்த பெயர் நிழல்.

ஓட்டுவதில் அவனுக்கு ஒரு கோளாறு இருந்தது. எங்கள் டிராக்கில் நீளமான நேர்ப்பாதை ஒன்று உண்டு. அதன் முடிவில் வலது பக்கம் வெடுக்கென்று ஒரு வளைவு. திரும்பாமல் போனால் சரளைக்கல், அதற்கப்பால் டயர்களை அடுக்கிக் கட்டிய சுவர். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்ட ஓரத்தில் மூன்று ரப்பர்க் கோன்கள் வைத்திருப்போம். முதலாவது புதிதாக வருகிறவர்களுக்கு. கடைசி கோன் என்னைப் போன்றவர்களுக்கு. கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும் என்பது நாங்கள் முதல் நாளே சொல்லும் பாடம். இவன் கண் நேராக அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதி வழியிலேயே கை கால் விறைத்துப் பிரேக்கை அழுத்திவிடுவான். பின்னால் வருகிறவர்கள் வாயில் வந்ததெல்லாம் சொல்வார்கள்.

"தம்பி இனிமே ஓட்டலன்னு சொல்றான். முகமே செத்துப் போச்சு. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்" என்றாள் மனைவி.

அதனால் பண்ணினேன். அவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "செவுத்தப் பாக்காத. கோனையும் பாக்காத. என் முதுக மட்டும் பாரு. நான் குனிஞ்சிருந்தா முறுக்கு. நான் நிமிந்தா பிரேக் பிடி. நான் எந்தப் பக்கம் தோள எறக்கறேனோ அந்தப் பக்கம் சாய்."

"அவ்ளோதானா மாமா?"

"அவ்ளோதான்."

வேறு யாருக்கும் நான் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. இது தப்பான பாடம். தத்தித் தத்தி நடக்கிற குழந்தைக்கு நடைவண்டி கொடுப்பது போல, கொஞ்ச நாளைக்குக் கொடுத்துவிட்டு வாங்கிவிட வேண்டும். ஆனால் அது வேலை செய்தது. வீட்டுக் கூடத்தில் இரண்டு நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு நாங்கள் பயிற்சி செய்வோம். நான் குனிவேன், அவன் குனிவான். நான் நிமிர்வேன், அவன் விரல்கள் இல்லாத பிரேக்கை அழுத்தும். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "ரெண்டு பேரும் எந்த ஊர் போய்ச் சேந்தீங்க?" என்று மனைவி சிரிப்பாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்தப் பருவம் முடிவதற்குள், வளைவில் சாயும்போது முழங்கால் தரையில் உரசும் அளவுக்கு ஓட்டத் தேறிவிட்டான். தேய்ந்துபோன முழங்கால் பட்டையைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினான். அவள் அதை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எடுத்துப்போனாள். டிராக்கின் கண்காணிப்பாளர் அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாத்தியாரே, அந்தப் பையனுக்கு உங்க முதுகத் தவிர ஒண்ணும் தெரியல. கோனப் பாக்கப் பழக்குங்க."

"பழக்கறேம்மா" என்றேன். பழக்கவில்லை. அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை.

பிறகு எனக்கு ஒரு வேலை வந்தது. கடல் தாண்டி ஒரு பெரிய டிராக்கில் தலைமைப் பயிற்சியாளர். மனைவியிடம் சொன்னபோது அவள் சொன்ன பதிலை நீங்களே ஊகிக்கலாம். "தம்பிக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போகலாங்க." வழி பண்ணினேன். தனியாக அறை பார்த்தேன்; அவனுக்குத் தனியாகத் தூக்கம் வராதாம். பெண் பார்த்தேன், அக்காவுக்குப் பிடித்தால் சரி என்றான், அக்காவுக்கு எந்தப் பெண்ணையும் பிடிக்கவில்லை. ஆப்பசைத்த குரங்கு மாதிரி நான் நின்றேன். இழுத்தால் வலிக்கும், இழுக்காவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டும். கடைசியில் ஒரு நாள், என்ன தோன்றியதோ, "சரி, போகலாம்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு மூச்சு கீழே வரை போய் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக.

கிளம்புவதற்கு முன் எங்கள் டிராக்கில் எனக்குக் கடைசி நாள் வந்தது. காலையில் அவனுடைய வண்டியின் பிரேக் விளக்குக்கு நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து குந்தினான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"மாமா, கெளம்பற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு அக்கா சொல்லுச்சு. எனக்கு வாய் நிக்கல. அந்த டிராக்ல டயர் வேலைக்கு நானும் கேட்டிருந்தேன். கெடச்சிடுச்சு. மூணு பேரும் சேந்தே போறோம்."

"ரொம்ப சந்தோஷம்டா" என்றேன். டேப்பின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் நன்றாக அழுத்திவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முந்திய ஓட்டம். நான் முன்னால், அவன் பின்னால். முதல் சில சுற்றுகள் எப்போதும் போலத்தான். நடுக்கோனுக்கு வந்ததும் நிமிர்ந்தேன், அவனும் நிமிர்ந்தான், திரும்பினோம். கண்ணாடி இல்லை என்றாலும் அவன் வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும். வீட்டில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் புரண்டு படுக்கிற சத்தம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

கடைசிச் சுற்றில் நேர்ப்பாதைக்கு வந்தோம். முதல் கோன் போயிற்று. நடுக்கோன் போயிற்று. நான் நிமிரவில்லை. இத்தனை நாளாக மனதுக்குள் நான் என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? நடைவண்டியைப் பிடுங்குகிறேன், இப்போதாவது அவன் தானாகக் கோனைப் பார்க்கட்டும், அவன் திறமை வளரட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று. உங்களிடம் வந்துவிட்டுப் பொய் சொல்வதில் அர்த்தமில்லை. நான் நிமிராமல் இருந்தேன் என்பதோடு நின்றிருந்தால் அந்தக் கதையை நம்பலாம். நான் இன்னும் குனிந்தேன். நெஞ்சு பெட்ரோல் டேங்கில் ஒட்டும் அளவுக்குக் குனிந்தேன். குனிந்தால் முறுக்கு என்பது அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். அவன் வண்டியின் சத்தம் ஏறியது. கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை.

கடைசி கோனுக்கும் அப்பால் போய்த்தான் நிமிர்ந்தேன். அந்த இடத்தில் பிரேக் பிடித்துத் திரும்ப என்னால் முடியும், அதுவும் மயிரிழையில். அவனால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு வாத்தியார் நான்தானே. அவன் விழுந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லை. பின்னால் சத்தம் நின்றுபோனது மட்டும் தெரிந்தது. வளைவைத் தாண்டி வெளியே வந்தபோது எனக்குக் கையும் காலும் அவ்வளவு லேசாக இருந்தன. சிவப்புக் கொடியைக் கண்டுதான் வேகத்தைக் குறைத்தேன்.

அவன் சாகவில்லை. கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. தலையும் கண்ணும் வாயும் இருக்கின்றன. வெளிநாட்டு வேலையும் போயிற்று. இந்த நிலையில் அவனை யார் விட்டுப்போவார்கள்? கூடத்தின் நடுவில் நாங்கள் நாற்காலி போட்ட இடத்தில் இப்போது அவனுடைய கட்டில். என் மனைவிக்கு அவனைத் தூக்கத் தெம்பில்லை. காலையில் நான் தூக்க வேண்டும், மதியம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், சாயங்காலம் சாய்த்து உட்காரவைக்க வேண்டும். முன்பு பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் இப்போது என் கையிலேயே இருக்கிறான். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். அறுத்து முடித்த பிறகு எழுந்து போக விடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

தப்பு தன்னுடையது என்று உங்கள் ஆட்களிடம் அவனே சொல்லிவிட்டான், வாத்தியார் நிமிர்ந்ததைத் தான் கவனிக்கவில்லை என்று. அக்காவிடமும் அப்படியே சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் நம்பினேன். ஆனால் அவனுக்கு இப்போது வேறு வேலை இல்லை. படுத்தபடி என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பேன், திரும்பியிருக்கக்கூட மாட்டேன். "மாமா, இடுப்பு வலிக்குதா?" என்பான். வலிக்கும். "மாமா, ஏதோ கோவமா இருக்கீங்க." இருப்பேன். இப்படி முதுகைப் படிக்கிறவனா அன்றைக்குக் கவனிக்கவில்லை?

போன வாரம் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அவன் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கு நீங்க நிமிரல மாமா. இன்னும் குனிஞ்சீங்க."

நான் துணியை மடித்தேன்.

"அக்காகிட்ட சொல்ல மாட்டேன். அது தாங்காது. நீங்க எங்கயும் போயிடாதீங்க மாமா. எனக்கு அது போதும்."

மிரட்டுகிற குரல் இல்லை அது. கண்ணில் தண்ணீர் நின்றது. அவனுக்கு என்மேல் அவ்வளவு பிரியம். ஜன்னல் பக்கம் போனேன். திறக்கக்கூடாது என்பது ஞாபகம் வந்தது, திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஆகையால் வந்திருக்கிறேன். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறீர்கள். "மனசு ஒடஞ்சு பேசறீங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க சார்" என்கிறீர்கள். என் வீட்டில் ஓய்வு எங்கே இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள் என்றும், சாயங்காலம் தம்பியைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், சீக்கிரம் அனுப்புங்கள் என்று அவள் கேட்டாள் என்றும் சொல்கிறீர்கள். யார் அவளைக் கூப்பிட்டது?

பேனாவைத் திறங்கள். நடுக்கோனில் நிமிர வேண்டியவன் நிமிரவில்லை, தெரிந்தே குனிந்தேன், அவன் சாக வேண்டும் என்றே குனிந்தேன். நான் சொன்ன இடங்களில் போய் நின்று பாருங்கள், அந்தக் கண்காணிப்பாளர் அம்மாவையும் கேளுங்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். மனசாட்சி உறுத்தியது, வந்தேன். இதில் எனக்கு வேறு எந்த ஆதாயமும் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. நீங்கள் சட்டம் படித்தவர், சொல்லுங்கள். உள்ளே போன பிறகு பார்க்க வருகிறவர்களை, வேண்டாம் என்று திருப்பி அனுப்ப எனக்கு உரிமை உண்டுதானே?