ஓட்டை போடாத குதிரைக் காசு

நாணயக் கண்காட்சிக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் துணி அதிகம் வைக்கக் கூடாது. மாற்றுச் சட்டை ஒன்று, துண்டு, பூதக்கண்ணாடி, இவ்வளவு போதும். போகும்போது கை வீசிக்கொண்டு போகலாம்; திரும்பும்போதுதான் கனம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லைதான், ஐயா. ஆனால் எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் நடந்தது உங்களுக்குப் புரியும்.

எங்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். வாயைத் திறந்தபடி நாற்காலியில் காத்திருந்த ஆளை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறியவர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், முட்டி இரண்டும் போன பிறகும் பஸ் மாறி பஸ் மாறி வருவார். அவர் மனைவி மடக்கு நாற்காலியைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வருவாள். "இதான் கடைசி" என்று ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்வார். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். உலகத்தில் ஆளுக்கொரு கிறுக்கு. எங்களுடையது வட்டமான கிறுக்கு.

என் லட்சணத்தையும் மறைக்கவில்லை. அம்மா போய்விட்டாள் என்று தகவல் வந்தபோது நான் தூரத்து ஊரில் ஒரு கண்காட்சியில் இருந்தேன். அன்றுதான் மண்டபம் திறந்திருந்தார்கள். கிளம்பத்தான் நினைத்தேன், கால் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தேன். அக்கா தட்டை வைத்துச் சோறு போட்டாள். அதற்கப்புறம்தான் அத்தானிடம், "இனிமே இவனைத் தனியா விடாதீங்க, கூடப் போய்ட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

அக்கா வீட்டு மாடி அறைதான் என் வீடு. குடிநீர் அலுவலகத்தில் வேலை, கல்யாணம் கட்டவில்லை. அத்தான் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் எங்கே கிளம்பினாலும் கடையைப் பூட்டிவிட்டு வருவார். "செல்லாத காசைச் செல்ற காசு குடுத்து வாங்குறீங்களேடா, இந்தக் கூட்டத்துக்கு வைத்தியமே இல்லையா மாப்ள?" என்று வழியெல்லாம் கேலி செய்வார். நான் கண்ணயர்ந்தால் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒரே குறை, விரல். எத்தனை சோப்புப் போட்டாலும் கிரீஸ் போகாது. நாணயத்தை இரண்டு விரலால் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். காசின் முகத்தில் கை பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும், பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருப்பதுபோல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வார்.

என்னிடம் குதிரை வரிசை இருக்கிறது. செப்புக் காசு. ஒரு பக்கம் பாயும் குதிரை, மறுபக்கம் ஆண்டு. ஒரே ஒரு ஆண்டைத் தவிர எல்லாம் சேர்த்துவிட்டேன். அந்த ஆண்டு கொஞ்சம்தான் அடித்தார்களாம். ஆல்பத்தில் காசு செருகுகிற அந்த ஒரு சன்னல் மட்டும் காலி. பாதி ஆயுளை அந்தச் சன்னலைப் பார்த்தே கழித்திருக்கிறேன். அதற்காகத்தான் இடுப்பு ஒடிய ரயிலில் உட்கார்ந்து அந்தக் கடைசிக் கண்காட்சிக்கும் போனோம். நாள் முழுக்க ஏல மேசையை விட்டு நான் நகரவில்லை. காசு வரவில்லை.

திரும்பும் ரயில். மத்தியானம், பெட்டிக்குள் புழுக்கம். அத்தான் வழக்கம்போல் காற்றுக்காகக் கதவோரம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டினார்.

"மண்டப வாசல்ல ஒருத்தன் தட்டுல குவிச்சு வச்சிருந்தான் மாப்ள. பாப்பாவுக்குக் குதிரைன்னா உசுரு, அதான் ஒண்ணு எடுத்தேன். நல்ல காசா?"

பாப்பா அக்கா மகள். விளிம்பில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஆண்டு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள்; என் தெய்வம் அத்தான் சட்டைப் பையில் வந்தது. நல்ல காசுதான் என்றேன்.

"அப்பச் சரி. நகை செய்றவர்கிட்ட குடுத்து மேல ஒரு ஓட்டை போட்டுச் சங்கிலில கோத்துடலாம். கழுத்துல போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவா."

ஓட்டை விழுந்த நாணயம் எங்களுக்குப் பிணம். உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் காசில் மேலே இடமே கிடையாது; துளை போடுகிறவன் எப்படியும் குதிரையின் பிடரியைத் தொடுவான். வேறு குதிரைக் காசு தருகிறேன், வெள்ளியில் தருகிறேன், இதை எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"போன்ல சொல்லிட்டேன்டா. பாப்பா அங்கேயே குதிக்கிறா. இப்பப் போய் மாத்தினா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா" என்று சிரித்தார்.

அப்போது வண்டி தடம் மாறி ஆடியது. அத்தான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. கதவோரம் யாரோ தண்ணீர் கொட்டியிருந்தார்கள். ஒரு கால் வழுக்கி வெளியே போனது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையை என்னிடம் நீட்டினார்.

காசைத்தான் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்தேன். காசு இருந்த வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "மாப்ள" என்றார். "வீட்டுக்குப் போய்த் தர்றேன் அத்தான்" என்றேன். அதற்குப் பிறகு கதவில் வெயில் மட்டும்தான் இருந்தது.

அபாயச் சங்கிலி தலைக்கு மேலேயே இருந்தது. இழுக்க வேண்டும் என்று தெரியாமல் இல்லை. ஆனால் விரலில் வியர்வை ஊறிக்கொண்டிருந்தது. முதலில் காசை உறையில் போட வேண்டும், உறையோ இருக்கையில் பைக்குள். துணியால் தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஒற்றி, உறையில் போட்டு நிமிர்ந்தபோது வண்டி பாலம் ஒன்றைத் தாண்டி வேகம் பிடித்திருந்தது. இனி இழுத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அக்கா போன் செய்தாள். அத்தான் தூங்குகிறார் என்றேன். பயத்தில் வாய் தானாகச் சொன்னது.

பிறகு வீட்டில், அத்தான் தவறி விழுந்துட்டாரு, கையும் ஓடல, காலும் ஓடலக்கா என்று அழுதேன். பொய் அழுகை இல்லை. அவள் நம்பினாள், தன் துக்கத்திலும் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். குதிரைக் காசு எங்கே என்று பாப்பா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பாவோடு போய்விட்டது என்றேன்.

காசை எங்காவது வீசியிருந்தால் இன்று நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். ஆனால் சன்னல் காலியாக இருந்தது, ஐயா. என்னால் முடியவில்லை. அறை பெருக்க வந்த அக்கா ஒரு நாள் ஆல்பத்தைத் திறந்துவிட்டாள். எத்தனை வருடமாக என் புலம்பலைக் கேட்கிறாள், எந்தச் சன்னல் காலி என்று அவளுக்கும் மனப்பாடம்.

அவள் கத்தவில்லை. "அவரு கை நீட்டினாரா?" என்று கேட்டாள். நீட்டினார், என் கையில் காசு இருந்தது என்றேன்.

"ரெண்டு கைலயுமா?"

நான் ஆல்பத்தை மூடினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். இடது கை காலியாகத்தான் இருந்தது. அவர் காசைக் கேட்கவில்லை என்பதும் தெரிந்தது. இழுத்து ஏற்றினால் ஓட்டை போட்டுவிடுவார் என்று தோன்றியது, அதனால் கையைத் தூக்கவில்லை. அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தக் காசு உங்கள் மேசைமேல் வெறுமனே கிடக்கிறது, எடுப்பவர்களை விளிம்பில் பிடிக்கச் சொல்லுங்கள். வழக்கு முடிந்ததும் பாப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். அது அவள் அப்பா அவளுக்காக வாங்கியது, எனக்கு அதில் ஒரு உரிமையும் கிடையாது. ஓட்டை போட மாட்டோம் என்று மட்டும் அக்காவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.