தொரைக்கு முன்னால கஞ்சி

— இன்னொருக்கா படிங்க, டீச்சரம்மா. தொரை படையலுக்குக் கஞ்சி வச்ச அடுப்ப அணைக்கச் சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன்.

— எத்தனை தடவை படிச்சாலும் அதேதான், கருத்தையா. லென்ஸ் வச்சுப் பாத்துப் பாத்து எனக்கும் கண்ணு பூத்துப் போச்சு. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தேழுல வந்த லண்டன் பத்திரிகைப் பக்கம் இது. முன்பக்கம் உங்காத்துச் சட்டத்துல இருந்த தொரையோட படம், செதுக்கி அச்சடிச்சது. பின்பக்கம் இவர் பார்லிமெண்டுல பேசின பேச்சு.

— கண்ணாடி ஒடைஞ்சு, மாத்தலாம்னு சட்டத்தக் கழட்டுனேன். கழட்டாமலே இருந்துருக்கலாம். தாது வருசப் பஞ்சத்துல இங்கன கஞ்சித்தொட்டி வச்சது இவருதான்லா?

— இவர் இந்தியாவுக்குக் கப்பலே ஏறலை. பஞ்சத்துல கூலியாக் குடுக்கற அரிசியைக் குறைக்கணும்னு பேசினவர். வயிறு நிறையப் போட்டா ஜனங்க சோம்பேறியாயிடுவாளாம்.

— தொரை பட்டினி கெடந்து தன் பங்கையும் நமக்குக் குடுத்தாருன்னுல்லா எங்க அம்மை சொன்னா! தம்பிமாரு திருப்பூருக்குப் போயிட்டானுவ. முப்பது வருசமா இந்தப் படையல ஒத்தையில சுமக்கேன். அன்னைக்கு லீவு தரமாட்டோம்னாவன்னு ரைஸ்மில்லு வேலையவே விட்டேன். எம்மவ தேன்மொழி காய்ச்சல்ல கெடந்தப்போ இவரு காலடியில போட்டுத்தான் அழுதேன். இப்போ கொண்டுபோயி ஆத்துல விடவா? அலுத்துப் போச்சு, டீச்சரம்மா. எனக்கு எல்லாமே அலுத்துப் போச்சு.

— இருங்கோ. படம் உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?

— அம்மைக்குப் பூட்டி உலகம்மாள். பாபநாசம் போற வழியில ஒரு வெள்ளக்காரன் பங்களாவுல தூத்துத் தொடச்சிக்கிட்டு இருந்தா. தொரையே கையில குடுத்ததாப் பேச்சு.

— வராதவர் எப்படிக் குடுப்பார்?

— அப்போ களவாண்டுட்டு வந்தாளா?

— பத்திரிகை பங்களாவுக்கு வந்திருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியுமோ?

— எங்க? அந்த பங்களா பட்லருதான் இங்கிலீசுப் பேப்பரப் படிச்சுப் படிச்சு எல்லாருக்கும் கத சொல்லுவாராம்.

— குழந்தைகள்?

— ஆறு. பஞ்சத்துல அஞ்சும் போயிட்டு. மிஞ்சுன ஒருத்தி வழிதான் நாங்க.

— அஞ்சா... படையல் எப்படிப் போடுவேள், கருத்தையா?

— சாமிக்கு வைக்கது மாதிரி இல்ல. வெளக்கு கெடையாது, சூடம் கெடையாது. கும்பிடவே கூடாதுன்னு மொற. நான்தான் மீறிட்டேன். பானைய அவரு கண்ணுக்கு நேர எறக்கணும். கைப்பிள்ள வரைக்கும் அவரப் பாத்து உக்காந்து வயிறு முட்டக் குடிக்கணும். ஒரு சொட்டு அவருக்கு வைக்கக் கூடாது. கடேசியில வெறும்பானையக் கவுத்துக் காட்டணும். அவரு நமக்காவப் பட்டினி கெடந்தாருல்லா, அந்த ஞாவத்துக்குன்னு அம்மை சொல்லுவா.

— உங்க அம்மை சொன்னது இருக்கட்டும். இந்த மொறையை வச்சது யாரு?

— உலகம்மாள்தான்.

— அஞ்சைப் புதைச்சவ. பட்லர் வாயால இந்தப் பேச்சைக் கேட்டவ.

— அப்போ அது நன்றிக்கு இல்ல, அவரு கண்ணு முன்னால வயிறு முட்டக் குடிச்சுக் காட்டவா?

— கருத்தையா? தண்ணி குடிக்கறேளா?

— வேண்டாம். அந்தப் போனக் குடுங்க. ஏட்டி தேன்மொழி, அடுப்பப் பத்த வையி. இன்னும் ரெண்டு படி அரிசி போடு. தெருவுல உள்ள பிள்ளையள எல்லாம் கூப்பிடு. நான் கடைக்குப் போயி புதுக் கண்ணாடி மாட்டிட்டு வாறேன். பொட்டுத் தூசி இல்லாமத் தொடச்சு வைக்கணும், அவரு ஒரு வாய் விடாமப் பாக்கட்டும்.