பூமாரி கேட்ட இன்னொரு இடம்

விளக்கு வைக்கிற நேரம். சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற ரோடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, வெளிச்சம் சீக்கிரமே செத்துப்போன நாள். இரண்டு பக்கமும் கரிசல் காடு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது...

ஓட்டியவர் மன்சூர் அலி. என் சிநேகிதன் மைதீன் பாட்சாவுக்குத் தாய்மாமா. அவர் பாட்சாவிடம் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். அந்த மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். யாரும் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டாம். ம்... சரி.

எண்பத்தெட்டாம் வருஷம். ஜீப்பில் பக்கத்துச் சீட்டில் இருந்தவர் சௌந்தரபாண்டியன். சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த நூல் மில்லுக்கு மேனேஜர். மன்சூர் அலி அந்த மில்லுக்கு டிரைவர். மடியில் ஒரு தகரப் பெட்டி. கைப்பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையாலும் அணைத்திருந்தார். உள்ளே நகை இல்லை. கம்ப்யூட்டர் பிளாப்பிகள். கறுப்பாக, சதுரமாக, தொட்டால் வளைகிற தகடுகள். மில் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனைக்கும் அதில் ஒரு நகல் இருக்கும். நாளைக்கே மில் எரிந்துபோனாலும் அந்தப் பெட்டி தப்பித்தால் போதும், எல்லாவற்றையும் மீட்டுவிடலாம்.

தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டி ஊரைவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது மில்லின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் ஒரு சாவு விழுந்தது.

பூமாரி. கம்ப்யூட்டரை ஓட்டிய பெண். சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிற குடும்பம். மதுரையில் போய்ப் படித்துவிட்டு வந்தவள். மில்லில் அந்த மிஷினைத் தொடத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். ஜன்னல் இல்லாத ஏ.சி. ரூம், ரப்பர் அடித்த கனத்த கதவு. குளிர் வெளியே போகாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்.

வேலை முடிந்ததும் நகல் எடுத்து, பிளாப்பிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி, அதே ரூமில் அலமாரியில் வைப்பாள். மேனேஜர் உத்தரவு அப்படி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் மேனேஜரிடம் அதைச் சொன்னது, ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு போன மன்சூர் அலி காதில் விழுந்திருக்கிறது.

"சார், மிஷினும் நகலும் ஒரே ரூம்ல இருந்தா, ஒரு தீப்புடிச்சா ரெண்டும் சேந்துல்லா போவும்? ஒரு செட்ட வேற எங்கனயாவது வச்சிருவோம் சார்."

"ஏட்டி, மில்லு சங்கதி பூராவும் அதுல இருக்கு. வெளிய போயி எவன் கையிலயாவது மாட்டுனா நீயா பதில் சொல்லுவ? சொன்ன வேலையப் பாரு."

அவள் விடவில்லை. அடுத்த மாதமும் கேட்டாள். அதற்கடுத்த மாதமும் கேட்டாள். கடைசியில் மேனேஜர் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

ஜீப் போனதற்கு முந்தின வருஷம் சித்திரை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஏ.சி. ரூமின் மேல்தட்டியில் வயர் எரிந்து தீ பிடித்தது. பூமாரி வெளியே ஓடி வந்துவிட்டாள். நன்றாக இருந்தாள், இருமிக்கொண்டு நின்றாள். மேனேஜர் வந்தார்.

"பொட்டி எங்கட்டி?"

"உள்ள இருக்கு சார்."

"மிஷின் போனா போவட்டும். பொட்டிய எடுத்துட்டு வா. போட்டி!"

முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு போனாள். ரூமுக்கு அடுத்தாற்போல் பஞ்சுக் குடோன். புகை அந்தப் பக்கம் திரும்பியது... பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் மில்லே இருக்காது. மேனேஜர் கதவைத் தள்ளிச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார்.

மன்சூர் அலி தண்ணீர் வாளியோடு ஓடி வந்தபோது அவர் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பூமாரி எங்க சார்?"

"அவ அப்பமே வெளிய போயிட்டா வே. நீரு குடோன் பக்கம் ஊத்தும், ஓடும்!"

மன்சூர் அலி ஓடினார். ஓடும்போது கதவுப் பக்கம் டக்... டக்... டக்... என்று கேட்டது. தட்டி எரிந்து விழுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

தீயை அணைத்ததும் மேனேஜர் முந்திப் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். கதவடியில் குப்புறக் கிடந்தாள். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. புகை. மூக்கிலும் வாயிலும் கரி. விரல் மூட்டுகள் எல்லாம் தோல் உரிந்திருந்தது. வயிற்றுக்கு அடியில் பெட்டி. முந்தானையை அதில் சுற்றி வைத்திருந்தாள். ஒரு பிளாப்பிகூடக் கெடவில்லை.

"நான் வேணாம் வேணாம்னு கத்துனேன். கேக்காம ஓடிட்டா பாவி மக," என்று மேனேஜர் எல்லோரிடமும் சொன்னார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். தீயின்போது 'வெளிய போயிட்டா' என்று அவர் சொன்னதைக் கேட்டவர் மன்சூர் அலி; அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பிள்ளைகுட்டிக்காரர். வாயைத் திறக்கவில்லை.

புது கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் பெட்டியிலிருந்தே எல்லாவற்றையும் மீட்டார்கள். மில் ஒருநாள்கூட நிற்கவில்லை. மேனேஜரின் முன்யோசனை என்று முதலாளி வந்து மாலை போட்டார். மாலையை வாங்கிக்கொண்டே மேனேஜர் தன்னுடைய புதுத் திட்டத்தையும் சொன்னார். இனிமேல் நகல் மில்லில் இருக்காது. புளியங்குடி ரோட்டில் மில்லுக்குச் சொந்தமான, பஞ்சில் கொட்டை பிரிக்கிற பழைய ஜின்னிங் பேக்டரி பூட்டிக் கிடக்கிறது, அங்கே ஜன்னல் இல்லாத ஒரு ரூம், இரும்புக் கதவு... அங்கே வைப்போம், நானே தினமும் கொண்டுபோவேன் என்றார். பூமாரி கேட்டுக் கேட்டுப் பார்த்தது அதைத்தான். அவள் பெயரை அவர் சொல்லவில்லை.

இப்போது ஜீப்புக்கு வாருங்கள்.

மழை சன்னமாகப் பெய்கிறது. பாதி தூரம் வந்ததும் மன்சூர் அலிக்கு ஒரு வாசம். பிச்சிப்பூ. தலையில் வைத்து வாடின பூ. கொஞ்சம் பொறுத்து அதற்கு அடியிலிருந்து இன்னொன்று எழும்பி வந்தது... வயர் கருகுகிற நாற்றம். வண்டியில்தான் ஏதோ என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை.

டக்... டக்...

"என்னவோ சத்தம் கேக்கு சார்."

"ரோடு அப்படி. பாத்துப் போவும்."

டக்... டக்... டக்...

மன்சூர் அலி வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். மழைச் சத்தம் மட்டும். பிறகு, டக்... டக்... மேனேஜர் மடியில் இருந்த பெட்டிக்குள்ளே. ஒவ்வொரு தடவையும் மூடி மேல் இருந்த அவர் கை துள்ளியது. யாரோ உள்ளிருந்து விரல் மூட்டால் தட்டுகிற மாதிரி.

மேனேஜர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.  இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"வண்டிய எடும் வே... எடுமின்னா!"

ஜின்னிங் பேக்டரி வந்தது. கரண்ட் இல்லை. மேனேஜர் டார்ச்சோடு இறங்கி, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். டார்ச் வெளிச்சம் அந்த ரூமுக்குள் நுழைவதை மன்சூர் அலி ஜீப்பில் இருந்தபடியே பார்த்தார்.



அப்புறம் மேனேஜர் குரல்.

"ஏட்டி... தள்ளி நில்லு... கதவ விடு... இந்தா, பொட்டிய நீயே வச்சுக்க... ஏட்டி!"

மன்சூர் அலி ஓடினார். இரும்புக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்தச் சந்து வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. சூடான புகை. அதற்குள்ளே மேனேஜரின் முகம்... ஒரு கண், பாதி வாய்.

"இழும் வே! கதவ இழும்!"

மன்சூர் அலி தாழ்ப்பாளைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தார். உயிரைக் கொடுத்து இழுத்தார்.

அவர் வலது கை மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

சின்னக் கை. ஐஸ் கட்டி மாதிரி குளிர்ச்சி. அது அவசரப்படவில்லை. அவர் கையை அப்படியே பிடித்து, அவர் இழுத்ததற்கு எதிர்ப்பக்கமாக மெதுவாகத் தள்ளியது. சந்து சிறுத்தது. மேனேஜர் முகம் மறைந்தது. கதவு சாத்தியது. அவருடைய கையாலேயே, அவர் கண் முன்னாலேயே, தாழ்ப்பாள் விழுந்தது.

மேனேஜர் உள்ளேயிருந்து தட்ட ஆரம்பித்தார். "மன்சூர்! வே! திறவும் வே!"

அவரால் விரலைப் பிரிக்க முடியவில்லை. காது பக்கத்தில் ஒரு குரல். கோபம் இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரி.

"அண்ணாச்சி... அவரு அப்பமே வெளிய போயிட்டாரு."

உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கீழே இறங்கியது. கதவின் நடுவில், கதவின் அடியில், தரைக்கு மேல் ஒரு முழத்தில்... அப்புறம் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கை அவரை விட்டது.

விழுந்தடித்து ஜீப்பை எடுத்து, புளியங்குடிப் பக்கம் ஒரு டீக்கடையில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடப்பாரையோடு வந்தார்கள். அதற்கு வேலை இருக்கவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே தீ இல்லை, புகை இல்லை. சுவரில் இருந்த ஒட்டடைகூடக் கருகவில்லை. மேனேஜர் கதவடியில் குப்புறக் கிடந்தார். திருப்பிப் போட்டார்கள். மூக்கிலும் வாயிலும் கரி அடைத்திருந்தது.

பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. போலீஸ் தேடியது, மில் ஆட்கள் தேடினார்கள்... ஒரு பிளாப்பி கிடைக்கவில்லை. அதே சாயங்காலம் மில் கம்ப்யூட்டரும் நின்றுபோயிருந்தது. மெட்ராஸிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது, நகல் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். நகல் இருந்த ஒரே பெட்டிதான் காலியாகிவிட்டதே. வேறு ஊர்களில் யார் யாருக்கு நூல் போக வேண்டும், யாரிடமிருந்து பஞ்சு வர வேண்டும் என்று தெரியாமல் தடுமாறி, அடுத்த பொங்கலுக்குள் மில்லை மூடிவிட்டார்கள்.

புகையால் மூச்சடைத்துச் சாவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எந்தப் புகை என்று அவரை யாரும் கேட்கவில்லை. மன்சூர் அலி மேல் கேஸ் எதுவும் வரவில்லை.

அவர் இன்னும் இருக்கிறார். வயசாகிவிட்டது. ஜீப் ஓட்டுவதை எப்போதோ விட்டுவிட்டார். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறார். ஆனால் தொழுகைக்கு முன்னால் எல்லோரும் கை கால் கழுவி ஒளு செய்கிற இடத்தில் அவர் உட்காருவதில்லை. பின்பக்கம் தனியாக ஒரு குழாயடி இருக்கிறது, அங்கே போய்விடுவார். ஏன் மாமா என்று பாட்சா ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறான்.

இடது கையைக் கழுவினார். தண்ணீர் தண்ணீராகத்தான் விழுந்தது. வலது கையை நீட்டினார். கை சுத்தமாக இருந்தது, ஒரு அழுக்கு இல்லை. ஆனால் அதிலிருந்து வழிந்த தண்ணீர் கறுப்பாக ஓடியது... அவர் கழுவிக்கொண்டே இருந்தார். அது கறுப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது.