மாட்டேன் என்று சொல்ல ஒரு சொல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில் எனக்குப் பின்னால் அக்காளும் தங்கச்சியும் இருந்தார்கள். அவர்களுடைய அம்மா என் பக்கத்தில் இருந்தாள். வெளியே சாரல். அக்காளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்துக் கோயிலுக்கு வருகிறார்களாம்.

"அவுகளுக்குப் பிடிச்சா அங்கனயே தலையில பூ வச்சிருவாவ. வச்சா முடிஞ்சுது. உனக்குப் பிடிக்கலைன்னா எப்படிக்கா சொல்லுவ?" என்று தங்கச்சி கேட்டாள்.

"நம்ம பாஷையில சொல்லுதேன்."

சின்னப்பிள்ளையில் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய பாஷையாம். மிட்டாய்க்குக் 'கிம்பு', ஓடு என்பதற்குச் 'சபுரு'.

"அதுல மாட்டேங்கதுக்கு வார்த்தையே கெடையாதே."

"ஆமாட்டி. அப்பம் நாம எதைத்தான் மாட்டேன்னோம்?"

தங்கச்சி கொஞ்சம் யோசித்தாள். "'லொபுக்கேன்'னு வச்சுக்கிடுவோம். நீ சொன்ன உடனே நான் வயிறு வலிக்குன்னு கீழ உக்காந்துருதேன்."

"ஒருவேளை பிடிச்சிருந்தா?"

"பிடிச்சா நீ எங்க பேசப்போற? வாயப் பொளந்துக்கிட்டுல்லா நிப்ப."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா திரும்பாமலே பேசினாள்.

"வயித்துவலியெல்லாம் வேண்டாம்ட்டி. அந்த வார்த்தையை எனக்குச் சொல்லு. இவ சொல்லிட்டா, பூ வைக்க நான் விடமாட்டேன்."

அக்காள் முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னாள், "லொபுக்கேன்."

"லொக்குபேன்."

"இல்லம்மா, லொபுக்கேன்."

குற்றாலம் வந்ததும் அந்த அம்மா அதை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். அப்போது சரியாகச் சொன்னாள்.