எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர், புதிதாக வந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள், சார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புதுசு என்றால் உசத்தி என்று நினைப்பது மனித சுபாவம். குறுக்கே பேசாமல் கேட்கிறேன் என்று நீங்கள் சொன்னதால் முதலிலிருந்தே வருகிறேன். மாடல் நம்பர் புரியாவிட்டால் நான் செய்ததும் உங்களுக்குப் புரியாது.

டி.வி., ஸ்பீக்கர், டிஸ்க் பிளேயர் எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் ரிசீவர். வீட்டுக்குள் தியேட்டர் வேண்டுமென்றால் அதுதான் உயிர். எங்கள் கடையில் நன்றாகப் போன கம்பெனியின் பெட்டியில் டி.ஆர். 795 என்று போட்டிருக்கும். முதல் இலக்கம் ஏணிப்படி. ஏழாம் படியில் இருப்பது ஐந்தாம் படியில் இருப்பதைவிட மேல். நடு இலக்கம், எத்தனை ஸ்பீக்கரை ஓட்டும் என்பது. கடைசி இலக்கம் வருஷம். ஆக, 576 என்பது 795-ஐவிடப் புதுசு, ஆனால் இரண்டு படி கீழே. விவரம் தெரிந்தவன் போன வருஷத்து ஏழாம் படியை எடுப்பான். தெரியாதவன் இந்த வருஷத்து ஐந்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்வான். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும், அவ்வளவுதான்.

நம்பருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் எழுத்தும் இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடையின் இரண்டாவது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஆடியோ ரூம் என்னுடையது. என்னுடையது என்றால், நான் அங்கே சேல்ஸ்மேன். சுவரெல்லாம் எதிரொலியை அடக்கும் கறுப்பு ஃபோம் பஞ்சு ஒட்டி, தரையில் கனமான விரிப்புப் போட்டு, ஸ்பீக்கர்களை அந்தந்த இடத்தில் நிறுத்தியவன் நான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியே வாஷிங் மெஷின் விற்கிறவன் கத்துவது காதில் விழாது. எனக்கு அந்த அமைதி பிடிக்கும். எனக்குக் கடையில் 'நம்பர் வாத்தியார்' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னங்க இது, பஸ் நம்பர் மாதிரி இருக்கு?" என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

"பஸ் நம்பர் பார்க்காம ஏறினா எங்க போய் இறங்குவீங்க?" என்று நானும் சிரிப்பேன். பிறகு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செல்போனில் அதே நம்பரைத் தட்டி வேறு எங்கிருந்தோ வரவழைத்துக்கொள்வார்கள். பாடம் என்னிடம், வியாபாரம் வேறு இடத்தில்.

மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசுவார், மரியாதையோடுதான் குத்துவார். "அண்ணே, நீங்க சேல்ஸ்மேனா, டியூஷன் சென்டரா? ஃபீஸாவது வாங்குங்க."

வீட்டில் என் மனைவியும் விட்டபாடில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுங்க. நம்ம வீட்டு டி.வி. வாய் பேசாம இருக்கு."

இரண்டு மூன்று மாதத்துக்கு முன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனியும் பெரிய ரிசீவர் போகாவிட்டால் ஆடியோ ரூமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மிக்ஸி அடுக்கப் போவதாகச் சொன்னார். என்னையும் மிக்ஸிப் பக்கமே நிற்கச் சொல்வார்களாம். மிக்ஸிக்கு மாடல் நம்பர் யாரும் கேட்பதில்லை, சார். மூடி டைட்டாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தார்.

நல்ல மனிதர். இதை நான் உங்களுக்காகச் சொல்லவில்லை. வீட்டு மாடியில் ஒரு தியேட்டர் அறை கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் வந்து என் ரூமில் உட்காருவார். "அண்ணே, 795-ல அந்த ஒன்பது ஸ்பீக்கரையும் எங்க எங்க வைக்கணும், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பார். சொல்வேன். சுவருக்கு எந்தப் பஞ்சு, கதவு விளிம்பில் எந்த ரப்பர் பட்டை, மெஷின் வைக்கும் மர அலமாரி கதவையொட்டி இருந்தால் வயர் இழுக்கச் சுலபம், எல்லாம் நான் சொன்னதுதான். அவர் அப்படியே கட்டினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மாசக் கடைசில வந்து எடுத்துக்கறேன், அண்ணே. உங்ககிட்டதான். வேற எங்க போவேன்?" என்றார்.

மேனேஜரிடம் சொன்னேன். "பார்ப்போம்" என்றார். ரூமில் ஒரு 795-ஐத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்தேன்.

மாசக் கடைசியில் போன்தான் வந்தது. குரலில் சந்தோஷம் வழிந்தது. "அண்ணே, 795 வந்துடுச்சு! ஆன்லைன்ல, வெளிநாட்டு சரக்கு, பாதி விலைக்குக் கிடைச்சுது. தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா கனெக்‌ஷன் நீங்கதான் குடுக்கணும். உங்க கை பட்டாத்தான் எனக்குத் திருப்தி."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறேன் என்றேன்.

இப்போது அந்தக் கடைசி எழுத்தைச் சொல்லிவிடுகிறேன். அது, அந்தப் பெட்டி எந்த நாட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். சில நாடுகளில் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் நம்முடையதில் பாதிதான். அங்கே விற்கிற பெட்டியை இங்கே நேராகச் சொருகினால் தாங்காது. எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். மற்றபடி பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

இந்த எழுத்தை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. படி, ஸ்பீக்கர், வருஷம் என்று மூன்று இலக்கத்தோடு பாடத்தை முடித்துவிடுவேன். என்னிடம் வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. கடையில் இருப்பதெல்லாம் சரியான எழுத்துதான். வெளியே வாங்குகிறவருக்குத்தான் அது தேவை. வெளியே வாங்குகிறவருக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சிலர் செத்துப்போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறார்கள். "அடடா" என்பேன். அசடு வழிய இன்னொன்றை என்னிடம் வாங்கிக்கொண்டு போவார்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

டாக்டர் வீட்டு மாடிக்குப் போனபோது அறையைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். என் ரூம் மாதிரியே இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது. கறுப்புப் பஞ்சு, ரப்பர் பட்டை போட்ட கனமான கதவு, கதவையொட்டி மர அலமாரி. பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். வேறு எழுத்து.

"பின்னு கொஞ்சம் வேற மாதிரி இருந்துது, அண்ணே. பக்கத்துக் கடையில கன்வர்ட்டர் பின் ஒண்ணு வாங்கிட்டேன்" என்றார் டாக்டர், அதைச் சொருகப் போனபடி.

"இருங்க, அவசரப்படாதீங்க" என்று நான்தான் தடுத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "கரண்டைக் குறைச்சுக் குடுக்க நடுவுல ஒரு சின்னப் பெட்டி வைக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொண்டு வரேன்."

"நீங்க இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய மகள், மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ, அப்பா சொல்லிக்கொடுத்த பாடத்தை என்னிடம் ஒப்பித்தாள். "ஏழு படி, ஒன்பது ஸ்பீக்கர், அஞ்சு வருஷம். கரெக்டா, மாமா?"

"கரெக்ட், பாப்பா."

"அப்ப கடைசில ஒரு எழுத்து இருக்கே, அது என்ன?"

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள். "அது சும்மா, அழகுக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. "அழகுக்குன்னா முன்னாடிதானே போடுவாங்க?" என்று அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார். "மாமாவையே மடக்குறியா? வாயாடி."

மின்சாரத்தைக் குறைக்கும் பெட்டிகள் எங்கள் கடைக் கிடங்கில் பல அளவில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோனது, முகச்சவர மெஷின் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு உள்ளது. ரிசீவருக்கு அதைப்போல் ஆறேழு மடங்கு பெரிது வேண்டும். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போனேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது உண்மைதான். பெரியதும் அதே தட்டில், பக்கத்திலேயே இருந்தது என்பதும் உண்மை.

அந்தச் சின்னப் பெட்டிக்குள், அளவுக்கு மீறிச் சூடானால் தானே அறுந்துகொள்ளும் ஃபியூஸ் ஒன்று உண்டு. அது இருந்தால் சத்தம் கூடுகிற இடத்தில் படம் பாதியில் நின்றுவிடும். குழந்தை ஆசையாகப் பார்க்கும்போது நின்றால் நன்றாக இருக்காது. அதனால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றினேன். எரிந்த பிறகும் அந்தக் கம்பி அப்படியே இருந்தது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். செம்பு அப்படித்தான், சார்.

மதியம் எல்லாவற்றையும் இணைத்து, அந்தச் சின்னப் பெட்டியை அலமாரியின் அடித்தட்டில், பஞ்சுச் சுவரோடு தள்ளி வைத்து, அலமாரிக் கதவைச் சாத்தினேன். மெதுவாக ஒரு பாட்டு வைத்துக் காட்டினேன். அருமையாக இருந்தது. டாக்டரின் மனைவி டீ கொடுத்தார். "ரெண்டு மாசமா இந்த வீட்ல உங்க பேச்சுதான், அண்ணா. 'வாத்தியார் சொன்னாரு, வாத்தியார் சொன்னாரு'ன்னு காது புளிச்சுப்போச்சு" என்றார். அப்பாவும் மகளும் முழுப் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். நான் கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன் வந்தது. டாக்டர்தான். அறையை விட்டு வெளியே வந்து பேசினார் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, சூப்பரா இருக்கு. ஆனா லேசா ஏதோ கருகுற வாசனை வருது. ஆஃப் பண்ணிடட்டுமா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப நிற்கிறீர்கள். நான் யோசித்தேனா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். பஸ் வந்துகொண்டிருந்தது. என் ரூமில் துடைத்து வைத்த 795-ஐ நினைத்துக்கொண்டேன்.

"புது மெஷின், டாக்டர். மொத தடவை அப்படித்தான் வாசனை வரும். கதவை நல்லா சாத்திட்டு, சவுண்டை இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க. சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி."

அவர் மனைவி கீழே சமையலறையில் இருந்தார். "அண்ணன் சொல்லிட்டாரு, அப்படித்தான் வருமாம்" என்று மாடியிலிருந்தே அவரிடம் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனதாகவும், கதவு சாத்துகிற சத்தம் கேட்டதாகவும், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றும் அந்த அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். கேட்டிருக்காது. அந்தக் கதவு நல்ல கதவு. அலமாரி கதவையொட்டி இருந்ததால், நெருப்பைத் தாண்டாமல் வெளியே வர வழியில்லை. அந்தப் பஞ்சு பற்றிக்கொண்டால் புகைதான் முதலில் வரும். நெருப்பு வந்து சேரும்போது யாருக்கும் நினைவு இருக்காது என்று பஞ்சு விற்கிறவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். அது எனக்கு ஓர் ஆறுதல்.

மறுநாள் கடை திறந்ததும் ஒரு தம்பதி ரிசீவர் பார்க்க வந்தார்கள். செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. "வெளியில கண்ட இடத்துல வாங்கினா இப்படித்தான் ஆகும்" என்றேன். அந்தப் பெண் பயந்துபோய்க் கணவர் கையைப் பிடித்தாள். துடைத்து வைத்திருந்த 795-ஐ அவர்களே வாங்கிக்கொண்டு போனார்கள். முதல்முறையாக யாரும் செல்போனை எடுத்து விலை பார்க்கவில்லை.

பில்லோடு மேனேஜரிடம் ஓடினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

"அண்ணே, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். அந்த ரூமை எடுக்கறதுன்னு ஹெட் ஆபீஸ்ல எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. நீங்க ஒண்ணு வித்தாலும் பத்து வித்தாலும் எடுக்கத்தான் போறாங்க. பாவம், அந்த டாக்டர் நம்மகிட்டயே வாங்கியிருந்தாலும் எடுத்திருப்பாங்க. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லல."

அன்று மதியமே ஆட்கள் வந்து சுவர்ப் பஞ்சைப் பிய்த்தார்கள். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது. கதவைக் கழற்றிய பிறகு வாஷிங் மெஷின்காரன் கத்துவது உள்ளே வரை கேட்டது.

அங்கே தரையில் உட்கார்ந்து அழுதேன், சார். அந்தச் செய்தி கேட்டதிலிருந்து அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டரையும் குழந்தையையும் நினைத்து அழுகிறேன் என்று மேனேஜர் முதுகைத் தட்டிக்கொடுத்தார், மிக்ஸிப் பிரிவுப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.