ஏழாம் வசனம்

கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவம் சொல்கிறேன்...

எங்கள் ஊரில் ஞானப்பூ என்று ஒரு சகோதரி. அவளுக்கு ஒரே மகள். காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த அன்றே ஞானப்பூ, சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டாள்: "இனி நான் கோயில் படி ஏற மாட்டேன்."

சபை சும்மா இருக்குமா? ஒரு வசனத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, ஆறுதல் சொல்லப் போனோம். என்ன வசனம்? உங்களில் பாதிப் பேருடைய கடையில் தொங்குகிறதே, அதுதான். தொடக்கம் சிறிதானாலும் முடிவு நிறைவாயிருக்கும் என்பது. வேதத்தில் யோபுவின் புத்தகம், எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம்.

உபதேசியார் எங்கள் வேதமுத்து அண்ணாச்சியை வாசிக்கச் சொன்னார். அண்ணாச்சி என்னோடு முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவர். புதிதாகப் படித்தவனுக்கு நடுவிலே ஏறத் தெரியாது. அதிகாரத்தின் தலையில் ஆரம்பித்தால்தான் வண்டி ஓடும். விரலை வைத்தார். ஆரம்பித்தார்.

யோபுவின் சிநேகிதன் பில்தாத் பேசுகிறான். உன் பேச்சு வெறும் காற்று என்கிறான். அடுத்து... உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால் செத்தார்கள் என்கிறான்! எந்த வீட்டிலே இது வாசிக்கப்படுகிறது? மகளைப் புதைத்த வீட்டிலே!

உபதேசியார் காதைக் கடித்தார். "அண்ணாச்சி, ஏழு! ஏழு!"

அண்ணாச்சி விரலை எடுக்கவில்லை. "வந்துக்கிட்டுத்தான் இருக்கேன், உபதேசியாரே. இப்பத்தான் நாலு."

ஏழும் வந்தது.

ஞானப்பூ தலையைத் தூக்கினாள். "இந்த ஆளு இதை யாருகிட்ட சொன்னான்?"

"பிள்ளைகளைப் பறிகொடுத்தவன்கிட்ட, தாயி" என்றார் அண்ணாச்சி.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

உபதேசியார் கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். சட்டத்தில் அது இல்லை.

"தெரியலை தாயி. இனிமேத்தான் வாசிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"வாசிங்க."

வாசித்தார்... வாசித்தார்... எங்கள் காப்பி ஆறியது. பத்தாம் அதிகாரத்தில் யோபு கடவுளையே கேட்கிறான்: உம்முடைய கையால்தானே என்னைச் செய்தீர், இப்போது நீரே ஏன் அழிக்கிறீர்?

"நிறுத்துங்க" என்றாள். "நான் கேட்டதையேல்லா இவனும் கேக்கான். இது வேதத்திலயா இருக்கு?"

"என் விரலுக்குக் கீழதான் இருக்கு, தாயி."

"நான் கேட்டது பாவம்னு நினைச்சேனே..."

அப்போதுதான் அழுதாள்.

அதன்பிறகு அண்ணாச்சி தினமும் போனார். கடைசி அதிகாரம் வந்தது.

"கடவுள் காரணம் சொன்னாரா, அண்ணாச்சி?"

"சொல்லலை. ஆனா வந்தாரு. வந்து, பில்தாத் கூட்டத்தைப் பாத்து, நீங்க சரியாப் பேசலை, யோபுதான் சரியாப் பேசினான்னுட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானப்பூ கோயிலுக்கு வந்தாள். உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். "மனசு ஆறிட்டாம்மா?"

"ஆறலை. சண்டை போட ஆளு இருக்காருல்லா. அதான் வந்தேன்."

அந்தச் சட்டம் இன்னும் அவள் வீட்டில் தொங்குகிறது. கீழே அண்ணாச்சியின் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'இது பில்தாத் சொன்னது.'

அருமையானவர்களே, உங்களுக்கு என்ன விளங்குகிறது? காரணம் தெரிந்த பிறகு வருவதா விசுவாசம்? காரணம் தெரியாமலே, கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அவரிடம் போய் நிற்கிறோமே... அதுதான் விசுவாசம். ஆகவே, துக்க வீட்டுக்குப் போகிறவர்களே, ஏழாம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். புத்தகம் முழுவதையும் கொண்டுபோங்கள். கூடவே... மெதுவாக வாசிக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.